பதினேழாம் எண்

மூன்று பொத்தான்கள்.
பழையதென்றால் இடது, புதியதென்றால் வலது,
அதைப்போல, ஆனால் அதுவல்ல என்றால் நடு.
படம் ஒன்றுக்கு இரண்டரை விநாடி.

மார்த்தாண்டம் மேம்பால நிழல் விழும்
டியூஷன் சென்டரின் மாடியறையில்
சத்தம் கவனத்தைக் கலைக்குமென்று
மின்விசிறியை நிறுத்திவிட்டு
வேர்க்க வேர்க்க இதைத்தான் செய்கிறேன்
பங்குனியிலிருந்து.

தபாலில் வந்த படங்களில்
டோஸ்டர் இருந்தது, பனிச்சறுக்குக் கட்டை இருந்தது.
முதல் ஆறு பேரும் எல்லாவற்றுக்கும்
மரியாதையாக நடுவையே அமுக்கினார்கள்.
பிறகு நானே சந்தைக்குப் போய்ப் பிடித்தேன்
மட்டிக்குலை, ரசகதலிக்குலை,
கரண்டி, மீன்சட்டி, குடை.
பழக்கடைக் கமலபாய் ஒரு காயும் தவறவில்லை.
“இது காலத்த காட்டின மட்டி இல்ல பிள்ளே,
இதுக்க காம்பு கறுத்திருக்கு” என்றார்.
இரண்டு கரண்டிகளை மட்டும்
ஒன்றேயென்று சத்தியம் செய்தார்.

மூளைக்குள் கடல்குதிரை வடிவில் ஒரு துண்டு.
இரண்டு செவ்வாய்க்கிழமைகள்
ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்ப்பது அதன் பாடு.
வயதானால் என்ன ஆகுமென்று
ஆட்களுக்கு நான் இப்படிச் சொல்லுவேன்:
ஆசிட் விட்ட ரப்பர்ப்பால் போல.
எந்த மரத்துப் பால் எதுவென்று
ஷீட் அடித்தபிறகு யார் சொல்வது?

எண் பதினேழு. வேதமாணிக்கம். அறுபத்தொன்பது வயது.
மார்த்தாண்டம்–தேங்காய்ப்பட்டணம் தடத்தில்
இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர்,
நாளைக்கு எட்டு நடை.
நாற்பது படம்வரை தடுமாறவில்லை.
நாற்பத்தொன்றாவது, நீலக்குடை.
முதல் சுற்றில் வளைந்த பிடி.
இப்போது நேர்ப்பிடி.

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“காப்புக்காட்டில கேறுவா,” என்றார்.
“புதுக்கடையில இறங்குவா.
ஸ்கூலில சத்துணவு வேல அவளுக்கு.
எல்லாரும் பின்னால போவினும், இவ மட்டும்
வண்டிக்கு முன்னால சுத்தி வந்து
கண்ணாடி வழியா என்னப் பாத்து
குடைய ஒண்ணு ஆட்டுவா.
ஒரு நாளு ஆட்டல்ல.
தலேநாளு ராத்திரி வாக்குத்தர்க்கம்,
கரண்டு பில்லுக்கு.
அந்த ஆட்டாத நாளுதான் கடைசி நாளா,
இல்ல அதுக்கு முந்தின வியாழனா?
ரெண்டிலயும் மழ.
ரெண்டிலயும் இடப்பக்கத்து வைப்பர் கேடு.
பதினோரு வருசமா ஓட்டிப் பாக்குதேன்,
புதுக்கடை வரும்போ
ரெண்டு வண்டியும் ஒரே வண்டியாப் போவுது.”

நெறிமுறைப்படி நான் பேசக்கூடாது.
பேசவில்லை.
கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.
திரை அதன் பாட்டுக்கு ஓடியது:
பதில் இல்லை. பதில் இல்லை.
பதில் இல்லை.

“தப்பா அமுக்கினா என்ன வரும்?”
ஒன்றும் வராது ஐயா.
“அப்பம் ஆட்டினா” என்று
இடதை அமுக்கினார், அழுத்தி,
பிரேக் மிதிக்கிற மாதிரி.

திரையில் அந்நேரம் ஒரு மீன்சட்டி.
அவர் அதுவரை பார்க்காதது.
தவறென்று பதிந்தது.

விடுபட்ட பதில் பத்துக்கு மேலானால்
அந்த ஆளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
அவருக்குப் பன்னிரண்டு.
போக்குவரத்துச் செலவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துக்
கையெழுத்து வாங்கினேன்.
நடந்துதான் வந்ததாகச் சொல்லி
நூறைத் திருப்பித் தந்தார்.
ரசீதில் அதற்கு இடமில்லை.

ரோஸ்லெட் என்ற பெயரை அவர் சொல்லவே இல்லை.
படிவத்தில் மனைவி என்ற கட்டத்தில் இருந்தது,
பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி.
வரிசையை அழித்தேன்.
குறிப்புக் கட்டத்தில் மட்டும்
குடை என்று விட்டுவைத்தேன்.

சாயங்காலம் புதுக்கடையில் இறங்கி
என்றும் போல் பின்னால் போகாமல்
வண்டிக்கு முன்னால் சுற்றி வந்தேன்.
மழையில்லை, என்னிடம் குடையுமில்லை.
கையை மட்டும் லேசாகத் தூக்கினேன்.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்,
விலகச் சொல்லி.